பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றுவது: ஸ்கேன் செய்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது

1820இல் அச்சான நாளிதழ் ஒன்றையும் 1920இல் அச்சான நாளிதழ் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்து, எது முதலில் உதிரும் என்று கேட்டால் பெரும்பாலானோர் பழையதைத்தான் காட்டுவார்கள். ஆனால் முதலில் உதிர்வது 1920தான். 1820இல் காகிதம் கந்தல் துணியிலிருந்து வந்தது. பருத்தி நாரும் லினன் நாரும் நீளமானவை, உறுதியானவை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காகிதம் செய்யும் முறை வந்தது. 1870களுக்குப் பிறகு நாளிதழ் அச்சகங்கள் ஒவ்வொன்றாக அந்த மலிவுக் காகிதத்துக்கு மாறின. மரக்கூழில் லிக்னின் என்ற, மர நார்களைப் பிணைக்கும் பொருள் அப்படியே தங்கிவிடுகிறது, வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறுகிறது, கூடவே காகிதத்தில் சேர்த்த படிகாரத்திலிருந்து வரும் அமிலம் நாரை உள்ளிருந்தே அறுத்துவிடுகிறது. நாளிதழ்கள் ஊர்தோறும் பெருகி, விலை குறைந்து, சாதாரண மக்கள் கைக்கு வந்த அதே காலத்தின் இதழ்கள்தான் இன்று தொட்டால் நொறுங்குகிற நிலையில் இருக்கின்றன.

அதனால் அவசரம் இருக்கிறது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவசரத்தில் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். “அந்தப் பத்திரிகையை டிஜிட்டல் ஆக்கிவிட்டார்கள்” என்று கேள்விப்பட்டதும் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். பக்கத்தைப் படம் எடுப்பது இந்த வேலையில் பாதிகூட இல்லை. அந்தப் படத்திலிருந்து எழுத்தை எடுப்பது, எடுத்த எழுத்தில் எவ்வளவு தவறு என்று தெரிந்துகொள்வது, எந்த இதழ்கள் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்வது, பதிப்புரிமைச் சிக்கலைத் தீர்ப்பது, பிறகு இருபது முப்பது வருடம் கழித்தும் அதே முகவரியில் அதே பக்கம் திறக்கும்படி பார்த்துக்கொள்வது, இதெல்லாம் சேர்ந்தால்தான் அது பொதுமக்களுக்கான ஆவணகம். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ கொஞ்சம் நழுவிப்போகிறது. தேடுகிறவருக்கு அந்த நழுவல் தெரியாமல் போவதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய பிரச்சினை.

இன்று இணையத்தில் நாம் பார்க்கும் பழைய இதழ்களில் கணிசமானவை காகிதத்திலிருந்து நேரடியாக ஸ்கேன் ஆனவை இல்லை, மைக்ரோஃபிலிமிலிருந்து, அதாவது பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த ஃபிலிம் சுருளிலிருந்து ஸ்கேன் ஆனவை. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நூலகங்கள் நம்பிய தீர்வு அது. அமெரிக்காவில் 1982 முதல் 2011 வரை நாடு முழுக்க நாளிதழ்களைப் பட்டியலிட்டு மைக்ரோஃபிலிம் எடுக்கும் திட்டம் ஒன்று அரசு நிதியில் நடந்தது. அந்தச் சுருள்கள் இல்லையென்றால் இப்போதைய ஆவணகங்கள் பாதி காலியாக இருக்கும். ஆனால் படம் எடுத்த பிறகு இடம் போதவில்லை என்று பல நூலகங்கள் மூல இதழ்களைக் கழித்துவிட்டன. 1999இல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த வெளிநாட்டு நாளிதழ்த் தொகுப்புகளை விற்க முன்வந்தபோது, நிக்கல்சன் பேக்கர் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் பணத்தைப் போட்டு அவற்றில் பலவற்றை வாங்கிக் காப்பாற்றினார்; 2004இல் அவை டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு தனிமனிதர் செய்யவேண்டியிராத வேலை அது.

மைக்ரோஃபிலிமின் குறைகள் அப்படியே டிஜிட்டலுக்கும் வந்துவிடுகின்றன. கறுப்பும் வெள்ளையும் தூக்கலாகத் தெரியும்படி எடுத்த சுருளில் எழுத்து படிக்கக் கிடைக்கும், ஆனால் புகைப்படங்கள் கரித்திட்டாக மாறியிருக்கும். வண்ணம் போய்விடும். பைண்டு செய்த தொகுப்பை அப்படியே விரித்துப் படம் எடுத்திருந்தால் நடுமடிப்பில் இருக்கும் பத்தியின் கடைசி இரண்டு மூன்று எழுத்துகள் நிழலில் மறைந்திருக்கும். காலைப் பதிப்பு, மாலைப் பதிப்பு, வெளியூர்ப் பதிப்பு என்று ஒரே நாளில் பல பதிப்புகள் வந்த இதழில் ஏதாவது ஒன்று மட்டும்தான் சுருளில் இருக்கும். சுருளே நிரந்தரமும் இல்லை: செல்லுலோஸ் அசிடேட்டில் எடுத்த பழைய சுருள்கள் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும், நெளியும். ஒரு சுருளில் ஆரம்பித்தால் அந்த அமில ஆவி பக்கத்துச் சுருளுக்கும் பரவும்.

சரி, நல்ல நிலையில் காகிதமோ சுருளோ கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனரை ஓடவிடுவதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டி, எந்தத் தேதி இதழ் இருக்கிறது, எது இல்லை, எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, எங்கே தேதியே தப்பாக அச்சாகியிருக்கிறது என்று குறிக்கவேண்டும். பார்ப்பதற்குச் சலிப்பான வேலை. ஆனால் ஒரு திட்டம் உருப்படுமா இல்லையா என்பது பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. இதைச் செய்யாமல் ஏற்றிய ஆவணகங்களில் 14ஆம் தேதிக்குக் கீழே 15ஆம் தேதி இதழ் கிடக்கும், நான்காம் பக்கம் இரண்டுமுறை வந்திருக்கும், ஐந்தாம் பக்கம் எங்கேயும் இருக்காது. அப்புறம் யாராவது புகார் சொல்லும்போது திருத்த மூலப்பிரதி எங்கே என்று தேடவேண்டியிருக்கும்.

கோப்பின் அளவையும் கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் திட்டத்தில் சேர்பவர்களிடம் அங்குலத்துக்கு 400 புள்ளி வரை, 256 சாம்பல் நிலைகளோடு ஸ்கேன் கேட்கிறது. 15 அங்குல அகலம், 22 அங்குல உயரம் உள்ள ஒரு பெரிய பக்கத்தை அப்படி எடுத்தால் 5 கோடிக்கு மேல் புள்ளிகள், அதாவது சுருக்காத நிலையில் சுமார் 53 மெகாபைட். ஒரு லட்சம் பக்கத்துக்கு 5 டெராபைட்டுக்கு மேல். வண்ணத்தில் எடுத்தால் மூன்று மடங்கு. இதற்கு நகல்கள் குறைந்தது இரண்டு, வேறு வேறு இடங்களில். இந்தச் செலவைக் குறைக்க நினைத்து, சாம்பல் நிலைகளை விட்டுவிட்டு வெறும் கறுப்பு வெள்ளையில், குறைந்த தெளிவில் எடுத்துத் தள்ளிய திட்டங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அந்தப் படங்களைக் கண்ணால் படிக்கலாம், ஆனால் மங்கிய எழுத்தும் பின்பக்கத்து மையும் ஒன்றாகக் கலந்துபோயிருப்பதால் இயந்திரத்தால் சரியாகப் படிக்க முடியாது. முதலில் மிச்சப்படுத்திய பணம் பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்வதில் போய்விடும், காகிதம் அதுவரை தாங்கியிருந்தால்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் தளம் 2001இல் வந்தபோது அதில் படங்கள் மட்டும்தான் இருந்தன. இதழையும் தேதியையும் தேர்ந்தெடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். 2007இல் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்) மூலம் எடுத்த உரை சேர்ந்து, சொல்லைத் தட்டினால் செய்தி வரும் என்ற நிலை வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் மிகப் பெரியது. தேதி தெரிந்தவருக்குத்தான் முதல் வகை உதவும். தாத்தா எந்த வருடம் கப்பலேறினார் என்றே தெரியாத ஒருவருக்கு, பெயரை மட்டும் வைத்துத் தேட முடிந்தால்தான் கதவு திறக்கும்.

ஆனால் நாளிதழ் என்பது எழுத்துணரிக்கு மிகக் கடினமான அச்சு வகைகளில் ஒன்று. ஒரு பக்கத்தில் ஆறு, ஏழு பத்திகள், நடுவில் ஒரு மெல்லிய கோடு மட்டும், பொடி எழுத்து, தேய்ந்த அச்சு, மலிவு மை, கறை, மடிப்பு. பத்திகளைச் சரியாகப் பிரிக்கத் தவறினால் மென்பொருள் இடதுபக்கச் செய்தியின் முதல் வரியையும் பக்கத்து விளம்பரத்தின் முதல் வரியையும் சேர்த்து ஒரே வாக்கியமாகப் படித்துவிடும். எவ்வளவு தவறு வருகிறது என்று 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் 19ஆம் நூற்றாண்டு நாளிதழ்த் தொகுப்பில் எழுத்தளவில் துல்லியம் 83.6 சதவீதம். சொல்லளவில் பார்த்தால் 78. ‘தி’, ‘ஆஃப்’ போன்ற சின்னச் சொற்களை விட்டுவிட்டுத் தேடலுக்குப் பயன்படும் சொற்களை மட்டும் எடுத்தால் 68.4. பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்கள், அதாவது பெரும்பாலும் ஆள் பெயரும் ஊர்ப்பெயரும், 63.4.

இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பழைய நாளிதழில் மக்கள் எதைத் தேடுகிறார்கள்? பெயரைத்தான். அந்தப் பெயர்தான் எழுத்துணரி அதிகம் தவறவிடும் இடம், ஏனென்றால் சாதாரணச் சொல்லை அகராதியை வைத்து ஊகித்துச் சரிசெய்ய முடியும், பெயரை ஊகிக்க முடியாது. கணக்கும் நமக்கு எதிராகவே இருக்கிறது: ஒவ்வொரு எழுத்தும் 95 சதவீதம் சரியாகப் படிக்கப்படுகிறது என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஏழு எழுத்துள்ள ஒரு சொல் முழுதாகச் சரியாக வருவதற்கான வாய்ப்பு 70 சதவீதம்தான். ஆக, ஒரு பெயரைத் தேடி “முடிவுகள் இல்லை” என்று வந்தால், அந்த ஆள் செய்தியில் வரவேயில்லை என்று பொருளாகாது. இதை ஒவ்வொரு ஆவணகமும் தேடல் பெட்டிக்குக் கீழேயே எழுதிவைக்கவேண்டும் என்பது என் கருத்து. சில தளங்கள் படத்துக்குப் பக்கத்திலேயே எழுத்துணரி தந்த உரையையும் திறந்து காட்டுகின்றன. அது நேர்மையான பழக்கம், எங்கே குழம்பியிருக்கிறது என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு வந்தால் இன்னும் சில சிக்கல்கள் சேர்ந்துகொள்கின்றன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய அச்சில் ணா, றா, னா வரிசை எழுத்துகளுக்குக் கூட்டெழுத்து வடிவமும், ணை, லை, ளை, னை நான்குக்கும் துதிக்கை போல மேலே வளைந்த வடிவமும் இருந்தன. மொத்தம் 13 எழுத்துகள். பெரியாரின் குடி அரசு 1935லேயே புதிய வடிவங்களுக்கு மாறிவிட்டது, மற்ற இதழ்கள் பல்லாண்டு பழைய வடிவத்திலேயே தொடர்ந்தன. அதனால் ‘1978க்கு முன் பழையது, பின் புதியது’ என்று வருடத்தை வைத்து மட்டும் மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. இன்றைய எழுத்துருக்களில் பழகிய எழுத்துணரி பழைய ‘லை’யைப் பார்த்ததும் வேறு எதையாவது எழுதிவைக்கும். ஒரு பக்கத்தில் ‘இல்லை’ என்ற சொல் எத்தனை முறை வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேதி எழுதும் முறையும் இப்படித்தான். நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ் அச்சில் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்று குறிகள் போடுவார்கள். எண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் இந்தக் குறிகளைப் பழக்கமில்லாத மென்பொருள் ஏதோ ஓர் எழுத்தாகவோ இன்னோர் எண்ணாகவோ படித்துவிட்டால் தேதியே மாறிப்போகும். அப்புறம் பெயர்கள்: கர்சன் பிரபுவை ஓர் இதழ் கர்ஸன் என்று எழுதும், இன்னொன்று கர்ஜன் என்று எழுதும். எல்லாமே சரிதான், ஆனால் இன்றைய வழக்கில் ஒன்றை மட்டும் தட்டித் தேடுகிறவருக்கு மற்றவை வராது.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. ஆங்கில நாளிதழில் வரிக் கடைசியில் சொல் உடைந்தால் சிறு கோடு போடுவார்கள். மென்பொருள் அந்தக் கோட்டைப் பார்த்து இரண்டு துண்டையும் ஒட்டிவிடும். தமிழ் அச்சில் பெரும்பாலும் அந்தக் கோடு கிடையாது. ‘நெல்லூரிலி’ என்று ஒரு வரி முடியும், ‘ருந்து’ என்று அடுத்த வரி தொடங்கும். நாளிதழ்ப் பத்தி குறுகலானது, தமிழ்ச் சொற்களோ நீளமானவை, ஆகவே இப்படி உடையும் இடங்கள் வரிக்கு வரி வரும். உடைந்த துண்டுகளை இரண்டு தனிச்சொல்லாகச் சேமித்துவைத்தால் அந்தச் சொல் தேடலில் முழுதாக என்றைக்கும் அகப்படாது. உருபு சேர்வதும் இதே கதைதான்: ‘மதுரை’ என்று தேடினால் ‘மதுரையிலிருந்து’, ‘மதுரைக்கும்’, ‘மதுரையம்பதி’ எல்லாம் வரவேண்டும் என்றால் தேடுபொறி சொல்லின் தொடக்கத்தை வைத்தாவது ஒப்பிடவேண்டும். முழுச்சொல் பொருத்தம் மட்டும் பார்க்கும்படி ஆங்கிலத்துக்காகச் செய்த மென்பொருளை அப்படியே எடுத்துத் தமிழ் இதழ்களுக்குப் போட்டால், பாதி ஆவணகம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். இவையெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல்கள் இல்லை. தமிழ் தெரிந்த ஒருவர் வடிவமைப்புக் கட்டத்திலேயே கூட இருந்தால் போதும்.

பிழையைத் திருத்துவது யார்? இங்கேதான் ஆஸ்திரேலிய தேசிய நூலகம் செய்த காரியம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. 2008இல் தங்கள் நாளிதழ்த் தளத்தைத் திறந்தபோது, யார் வேண்டுமானாலும், கணக்குகூடத் தொடங்காமல், எழுத்துணரியின் வரிகளைத் திருத்தலாம் என்று விட்டார்கள். குப்பையாகிவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். நடந்தது வேறு. குடும்ப வரலாறு தேடி வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் திருத்திவிட்டு, அப்படியே மேலேயும் கீழேயும் உள்ள செய்திகளையும் திருத்தத் தொடங்கினார்கள். இப்போது ட்ரோவ் என்ற பெயரில் இயங்கும் அந்தத் தளத்தில் மக்கள் திருத்திய வரிகள் பல கோடி. பின்லாந்து தேசிய நூலகம் 2011இல் இதையே ஒரு விளையாட்டாக்கியது: திரையில் வரும் சொல்லைச் சரியாகத் தட்டினால் பாலம் கட்டப்படும், அகழெலிகள் பத்திரமாகக் கடக்கும். வேலை ஒன்றுதான், மெய்ப்புப் பார்ப்பது.

இப்போது பெரிய மொழி மாதிரிகளிடம், அதாவது உரை எழுதும் செயற்கை நுண்ணறிவிடம், குழம்பிய உரையைக் கொடுத்தால் அழகாகத் திருத்தித் தருகின்றன. எழுத்துணரியே கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக முன்னேறியிருக்கிறது, பழைய படங்களை மறுபடி படிக்கவைத்தால் பிழை பாதியாகக்கூடக் குறையலாம். இது நல்ல செய்திதான். ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. பழைய எழுத்துணரி தவறினால் உளறலாகத் தெரியும், படிக்கிறவர் உஷாராகி மூலப் படத்தைப் பார்ப்பார். மொழி மாதிரி தவறினால் இலக்கணம் பிசகாத, நம்பும்படியான வாக்கியமாக இருக்கும். இறந்தவர் 17 பேர் என்பது 11 ஆகியிருக்கலாம், தெரியாத பெயருக்குப் பதில் அதற்குத் தெரிந்த ஒரு பெயர் உட்கார்ந்திருக்கலாம். ஆகவே திருத்திய உரையைத் தேடலுக்குப் பயன்படுத்துங்கள், ஆனால் முதலில் வந்த உரையையும் படத்தையும் அழிக்காதீர்கள், எது இயந்திரம் திருத்தியது என்று குறித்துவையுங்கள். மேற்கோள் காட்டுகிறவர் எப்போதும் படத்தைப் பார்த்துத்தான் எழுதவேண்டும்.

இவ்வளவு சிரமப்பட்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம் போதும். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 19ஆம் நூற்றாண்டு இதழ்களின் பிழை நிறைந்த உரையையே கணினியால் ஒப்பிட்டு, எந்தக் கவிதை, எந்தச் சமையல் குறிப்பு, எந்தத் துணுக்கு ஊர் ஊராக மறுபதிப்பானது என்று வரைபடம் போட்டார்கள். ஒருவர் ஆயுள் முழுக்கப் புரட்டினாலும் கண்டுபிடிக்க முடியாத தொடர்புகள் அவை. இரண்டாவது, 1859இல் வந்த பெரும் சூரியப் புயல். அன்று துருவ ஒளி எந்தெந்த ஊர்வரை தெரிந்தது என்பதற்கு விஞ்ஞானிகள் நம்பும் சாட்சியங்களில் உள்ளூர் நாளிதழ்களின் சின்னச் செய்திகளும் உண்டு. அந்தச் செய்தியை எழுதியவர் வானத்தைப் பார்த்து வியந்து நாலு வரி எழுதினார், அவ்வளவுதான்.

சரி, இது யாருக்குத் திறந்திருக்கிறது? ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வேல்ஸ், ஆஸ்திரியா, பின்லாந்து போன்ற இடங்களில் தேசிய நூலகங்கள் உரிமை முடிந்த இதழ்களை இலவசமாகத் தருகின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கிரானிக்ளிங் அமெரிக்கா தளம் 2007இல் தொடங்கி 2 கோடி பக்கங்களைத் தாண்டிவிட்டது, எல்லாமே இலவசம், உரையையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். பிரிட்டன் வேறு வழியில் போனது. 10 ஆண்டில் 4 கோடி பக்கம் என்ற இலக்குக்கு அரசுப் பணம் இல்லாததால் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து, 2011இல் சந்தா கட்டிப் பார்க்கும் தளமாகத் திறந்தது. பிறகு ஒரு பகுதியை இலவசமாக்கினார்கள். சந்தா இல்லையென்றால் அத்தனை பக்கங்கள் இவ்வளவு வேகத்தில் ஸ்கேன் ஆகியிருக்காது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பொதுச் சேகரத்தில் இருந்த இதழைப் பார்க்க அதே பொதுமக்கள் காசு கொடுக்கவேண்டியிருக்கிறது என்றால், எத்தனை வருடத்துக்குப் பிறகு அது இலவசமாகும் என்று ஒப்பந்தத்தில் முதல் நாளே எழுதியிருக்கவேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ சிறு சேகரங்கள் நாளை இப்படி ஒப்பந்தம் போட நேர்ந்தால் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்.

முழுக்கத் தனியாரிடம் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். கூகுள் 2008இல் பெரிய அளவில் பழைய நாளிதழ்களை ஸ்கேன் செய்யத் தொடங்கி, 2011இல் போதும் என்று நிறுத்திவிட்டது. ஏற்றியவற்றில் பல இன்றும் திறக்கின்றன, ஆனால் தேடும் வசதி ஒழுங்காக இல்லை. கையால் ஒவ்வொரு தேதியாகப் புரட்டவேண்டும்.

உரிமைச் சட்டம் இதழுக்கு இதழ் மாறும். அமெரிக்காவில் வெளியாகி 95 வருடமான இதழ்கள் பதிப்புரிமை முடிந்தவை. 1963 வரை வெளியானவற்றில் உரிமையைப் புதுப்பிக்காதவையும் அப்படியே. இந்தியாவில் எழுதியவர் பெயர் இருந்தால் அவர் இறந்து 60 ஆண்டு, பெயரில்லாத செய்தியென்றால் வெளியாகி 60 ஆண்டு. ஒரே பக்கத்தில் தலையங்கம், வாசகர் கடிதம், தொடர்கதை, கேலிச்சித்திரம் என்று வேறு வேறு ஆட்களின் வேலை இருப்பதால் ஒரு நாளிதழுக்கு ஒரே பதில் சொல்ல முடியாது. 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஊழியராக இல்லாமல் தனியாக எழுதித்தரும் எழுத்தாளர்களின் கட்டுரைகளை அவர்கள் அனுமதியில்லாமல் தரவுத்தளத்தில் போட்டது தவறு என்று நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்டோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மைக்ரோஃபிலிமில் பக்கம் முழுசாக இதழாகவே தெரிகிறது, தரவுத்தளத்திலோ கட்டுரை தனியாகத் துண்டிக்கப்பட்டு வருகிறது என்பதுதான் நீதிமன்றம் பார்த்த வேறுபாடு. பக்கமாகக் காட்டுவதா, செய்தி செய்தியாகப் பிரித்துக் காட்டுவதா என்று தொழில்நுட்பக் கேள்வியாக நாம் நினைப்பது இப்படிச் சட்டக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

இதைவிடச் சங்கடமானது ஆட்களின் அந்தரங்கம். 1998இல் ஸ்பெயினின் லா வான்குவார்டியா நாளிதழில் ஒருவருடைய கடனுக்காக அவர் வீடு ஏலத்துக்கு வருவதாக இரண்டு சிறு அறிவிப்புகள் வந்தன. கடன் தீர்ந்தது, வருடங்கள் ஓடின. நாளிதழ் தன் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றியதும், அவர் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த ஏல அறிவிப்பு. அவர் கொடுத்த புகாரிலிருந்து எழுந்த வழக்கில்தான் 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம், தேடுபொறி அந்த இணைப்பை நீக்கவேண்டும் என்றது. நாளிதழின் பக்கம் அப்படியே இருந்தது. பெல்ஜியத்தில் இன்னொரு படி மேலே போனார்கள். 1994இல் நடந்த ஒரு சாலை விபத்துச் செய்தியில் இருந்த ஓட்டுநரின் பெயரை, இணைய ஆவணகத்தில் மட்டும் மறைக்கும்படி லு சுவார் நாளிதழுக்கு உள்நாட்டு நீதிமன்றங்கள் உத்தரவிட்டன, 2023இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதை ஏற்றது. நூலகத்தில் இருக்கும் காகிதப் பிரதியில் பெயர் அப்படியே இருக்கிறது. எனக்கு முதல் தீர்வு சரியென்று படுகிறது, இரண்டாவது கவலை தருகிறது. கண்டுபிடிப்பதைக் கடினமாக்குவது வேறு, பதிவையே மாற்றுவது வேறு. இரண்டாவதுக்கு ஒருமுறை இடம் கொடுத்தால் கேட்டு வரப்போவது சாதாரண ஓட்டுநர்கள் மட்டும் இல்லை, அதிகாரத்தில் இருந்தவர்களும் வருவார்கள்.

எது ஏறியிருக்கிறதோ அதுவே வரலாறாக ஆகிவிடுகிறது என்பதும் உண்மை. கனடாவில் இயான் மில்லிகன் என்ற வரலாற்றாசிரியர் 2013இல் முனைவர் பட்ட ஆய்வேடுகளை எடுத்துப் பார்த்தார். டொராண்டோவின் இரண்டு பெரிய நாளிதழ்கள் தேடும் வசதியோடு இணையத்துக்கு வந்த பிறகு அவற்றிலிருந்து காட்டும் மேற்கோள்கள் பல மடங்கு பெருகியிருந்தன, ஏறாத மற்ற நகரங்களின் இதழ்கள் அப்படி வளரவில்லை. ஏற்றும் முன்னுரிமையைப் பார்த்தால் தலைநகரத்து ஆங்கில நாளிதழ்தான் எப்போதும் முதலில்; சிறு ஊர் வார இதழ், தொழிற்சங்க இதழ், சாதி எதிர்ப்பு இயக்கத்தின் இதழ், புலம்பெயர்ந்தவர்கள் நடத்திய இதழ் எல்லாம் வரிசையின் கடைசியில். அவற்றின் பிரதிகள்தான் குறைவு, அவைதான் முதலில் அழியும்.

அழிவு காகிதத்தின் அமிலத்தால் மட்டும் வருவதில்லை. லண்டனின் காலிண்டேல் நாளிதழ் நூலகத்தில் 1940 அக்டோபரில் குண்டு விழுந்து ஆயிரக்கணக்கான தொகுப்புகள் போயின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின, அதே நாட்களில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1841இல் உதயதாரகை என்ற தமிழ் இதழ் வெளிவந்தது அந்த யாழ்ப்பாணத்தில்தான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் நாளிதழ்களையும் தன்னார்வலர்களின் உழைப்பில் ஏற்றிவருவதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும். தனியார் வீடுகளில் தப்பிய ஒற்றைப் பிரதிகள் வந்து சேர்வதற்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் ஒரு தனிமனிதரின் சேகரத்திலிருந்து எழுந்ததுதான்.

கடைசியாகப் பணம். ஸ்கேன் செய்வதற்கு நிதி திரட்டுவது ஒப்பீட்டளவில் சுலபம், இத்தனை லட்சம் பக்கம் என்று எண்ணிக்கை காட்டலாம், திறப்பு விழா நடத்தலாம். அதற்குப் பிறகு வருடா வருடம் சேமிப்பகம், பாதுகாப்பு, ஊழியர், மறுபடி எழுத்துணரி ஓட்டுவது என்று வரும் செலவுக்குத்தான் யாரும் முன்வருவதில்லை. பல கோடிப் பக்கங்களோடு உலகமே பாராட்டும் ட்ரோவ் தளம்கூட 2023இல் நிதி முடிந்து நின்றுபோகும் நிலைக்கு வந்தது. மக்கள் குரல் கொடுத்த பிறகு ஆஸ்திரேலிய அரசு நான்கு ஆண்டுகளுக்கு 3.3 கோடி டாலரும் அதற்குப் பிறகு நிரந்தர ஆண்டு நிதியும் ஒதுக்கியது. அதே வருடம் அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைத் தாக்குதல்காரர்கள் முடக்கினார்கள், சேவைகள் திரும்பி வர மாதக்கணக்கில் ஆனது. அந்த நூலகத்தின் காகித நாளிதழ்கள் பாஸ்டன் ஸ்பாவில், 14 டிகிரி குளிரில், தீப்பிடிக்காதபடி ஆக்சிஜன் குறைத்த கட்டடத்தில் பத்திரமாக இருந்தன. ஸ்கேன் முடிந்ததும் மூலத்தைக் கழித்துவிடலாமா என்று எந்தச் சேகரத்திலாவது பேச்சு வந்தால், இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் எடுத்துச் சொல்லவேண்டும்.